பில் விதர்ஸ் ஏன் பாடுவதை நிறுத்தினார்?

கேள்வி இதுதான்: "'லீன் ஆன் மீ', 'ஐன்ட் நோ சன்ஷைன்' எல்லாம் பாடிய பில் விதர்ஸ் 1985க்குப் பிறகு ஒரு ஆல்பம்கூடப் போடவில்லையே, ஏன்? குரல் போய்விட்டதா, வாய்ப்பு போய்விட்டதா, இல்லை வேறு ஏதாவது பிரச்சினையா?"

குரல் போகவில்லை. கூப்பிட ஆளில்லாமலும் இல்லை. அவருக்கு அந்த வேலை பிடிக்காமல் போனது, விட்டுவிட்டார். சுருக்கமான பதில் அவ்வளவுதான். ஆனால் மூன்று கிராமி விருது வாங்கிய ஒருவர், பாடுவதை நாம் மில் வேலையை விடுவதுபோல எப்படி விட முடிந்தது? அதற்கு அவருடைய முதல் 32 வருஷத்தைப் பார்க்க வேண்டும். அவரைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் அந்த வருஷங்களை இரண்டு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு மொத்தக் கதையும் அங்கேதான் இருப்பதாகப் படுகிறது.

1938 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்லாப் ஃபோர்க் என்ற சின்ன ஊரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி இருந்த ஊர். அப்பா வில்லியம் சுரங்கத் தொழிலாளி. அம்மா மேட்டி வீட்டு வேலைக்குப் போனவர். ஆறு பிள்ளைகளில் பில்தான் கடைக்குட்டி. மூன்று வயதில் பெற்றோர் பிரிந்துவிட, பக்கத்து ஊரான பெக்லியில் அம்மா வீட்டாரோடு வளர்ந்தார். 13 வயதில் அப்பாவும் இறந்துபோனார். தன் குடும்பத்து ஆண்களில் சுரங்கத்துக்குள் இறங்காத முதல் ஆள் தான்தான் என்று பிற்காலத்தில் சொல்வார்.

பையனுக்குத் திக்குவாய் வேறு. எதிரில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்ற பயத்தில் பேச்சு திக்கும். திக்கியதும் பயம் இன்னும் கூடும். கூடப் படித்தவர்களோடு ஒட்ட முடியவில்லை. அந்தச் சமயத்தில் அவருக்குப் பெரிய ஆதரவு அம்மாவைப் பெற்ற பாட்டி லூலாதான். இந்தப் பாட்டியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

பதினெட்டு நிறைவதற்கு முன்பே கடற்படையில் சேர்ந்தார். ஒன்பது வருஷம் அங்கே. பாட்டுக்காரராக இல்லை, மெக்கானிக்காக. திக்குவாயிலிருந்து அவர் வெளியே வந்ததும் அந்த வருஷங்களில்தான். 1965இல் கடற்படையை விட்டார். கலிபோர்னியாவில் ஓக்லாந்தில் ஒரு கிளப்புக்குப் போயிருந்தபோது நடந்த ஒன்றைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு லூ ரால்ஸ் பாட வேண்டும், ஆள் வந்து சேரவில்லை. கிளப் மேனேஜர் புலம்புகிறார்: வாரத்துக்கு 2,000 டாலர் கொடுக்கிறேன், நேரத்துக்கு வரமாட்டேன் என்கிறாரே! விதர்ஸுக்கு அப்போது மணிக்கு 3 டாலர் கூலி. கொஞ்ச நேரத்தில் லூ ரால்ஸ் உள்ளே வருகிறார். அதுவரை விதர்ஸைத் திரும்பியும் பார்க்காத பெண்கள் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். சரி, இந்தத் தொழிலைப் பார்க்கலாம் போலிருக்கிறதே என்று தோன்றியதாம். கலைமகள் கனவில் வந்தாள் என்பது மாதிரியான கதை எதுவும் அவரிடம் இல்லை. சம்பளக் கணக்குதான்.

அடகுக் கடையில் ஒரு கிட்டார் வாங்கித் தானே கற்றுக்கொண்டார். 1967இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோனார். பகலில் தொழிற்சாலை, இரவில் கிளப்புகள், கையில் மிஞ்சும் காசில் டெமோ டேப். அந்தத் தொழிற்சாலை வெபர் ஏர்கிராஃப்ட். விமானங்களுக்கு உள்ளே பொருத்தும் சாமான்கள் செய்யும் இடம். போயிங் 747 விமானத்துக்கான கழிப்பறை இருக்கைகளைச் செய்வது விதர்ஸின் வேலை. இதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. ஜோக்காகத் தானே சொல்லிக் காட்டுவார். முதல் பாட்டு நன்றாக விற்று 'தங்க இசைத்தட்டு' விருது வாங்கியபோது ரெக்கார்டு கம்பெனி தங்க நிறத்தில் ஒரு கழிப்பறை இருக்கையையே அவருக்குப் பரிசாகக் கொடுத்தது.

அந்த ரெக்கார்டு கம்பெனியின் பெயர் சசெக்ஸ். நடத்தியவர் கிளாரன்ஸ் அவான்ட். அமெரிக்கக் கறுப்பின இசையுலகில் திரைக்குப் பின்னால் நின்று பல காரியங்களை நடத்திய மனிதர். டெட்ராய்ட்டின் ரோட்ரிகஸை, அதாவது சொந்த நாட்டில் யாருக்கும் தெரியாமல் தென்னாப்பிரிக்காவில் பெரும் புகழோடு இருந்தாரே, அவரை வெளியிட்டதும் இதே கம்பெனிதான். அவான்ட் விதர்ஸின் டேப்பைக் கேட்டுவிட்டு புக்கர் டி. ஜோன்ஸை தயாரிப்பாளராகப் போட்டார். மெம்ஃபிஸ் நகரத்தின் ஸ்டாக்ஸ் கம்பெனிப் பாட்டுகளில் ஆர்கன் வாசித்தவர் அவர். பேஸ் கிட்டாருக்கு டொனால்டு 'டக்' டன், டிரம்ஸுக்கு அல் ஜாக்சன் ஜூனியர், கிட்டாருக்கு ஸ்டீபன் ஸ்டில்ஸ். பெரிய பாடகர் ஓடிஸ் ரெடிங்கின் பாட்டுகளுக்கு வாசித்த கைகளோடு, ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்த ஒரு தொழிலாளி! நான்கு அமர்வுகளில் முடிப்பதாகத் திட்டம். பணம் போதாமல் மூன்றாகச் சுருங்கியது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஆறு மாத இடைவெளி விழுந்தது.

அங்கே பதிவானதுதான் 'ஐன்ட் நோ சன்ஷைன்'. இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடும் பாட்டு. ஜாக் லெமனும் லீ ரெமிக்கும் குடிகாரத் தம்பதியாக நடித்த 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோஸஸ்' என்ற 1962ஆம் வருஷப் படத்தை டிவியில் பார்த்தபோது இந்த எண்ணம் வந்தது என்று சொல்லியிருக்கிறார். கெடுதல் என்று தெரிந்தும் மனிதன் எதையெல்லாம் தேடித் திரும்பிப் போகிறான் என்பதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. அவள் இல்லாத வீட்டில் வெளிச்சம் இல்லை என்று பாடுகிறார். அவள் இருந்தால் நல்லது என்று பாட்டில் எங்கேயும் வராது. கவனித்துக் கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பாட்டுக்கு முன்னிசை கிடையாது. கிட்டார் ஒரு இழுப்பு இழுப்பதற்குள் குரல் வந்துவிடும். மூன்றாவது சரணம் வரவேண்டிய இடத்தில் சரணம் வராது. 'எனக்குத் தெரியும்' என்ற பொருளில் 'ஐ நோ, ஐ நோ' என்று 26 தடவை சொல்வார். தாளம் மட்டும் கூட வரும். மூச்சு முட்டும் இடம் அது. உண்மையில் அங்கே வேறு வரிகள் எழுதி நிரப்புவதாகத்தான் அவர் நினைத்திருந்தார். ஒத்திகைக்கு இடத்தைப் பிடித்து வைக்கிற மாதிரி இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். புக்கர் டி.யும் மற்றவர்களும் 'அப்படியே விட்டுவிடு' என்றார்கள். நான் ஒரு தொழிற்சாலை ஆள், அவர்கள் இத்தனை அனுபவசாலிகள், அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன் என்பார். திக்கித் திக்கிப் பேசி வளர்ந்த ஒருவரின் மிகப் புகழ்பெற்ற இடம், ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் நிற்கிற இடமாக அமைந்திருக்கிறது. இது தற்செயல்தான், நானாக இழுத்துக் கட்டுகிறேன் என்றுகூட நீங்கள் சொல்லலாம். ஆனால் ஒருமுறை அப்படிக் கேட்டுவிட்டால் பிறகு வேறு மாதிரி கேட்க முடிவதில்லை.

முதல் ஆல்பமான 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' 1971இல் வந்தது. அட்டைப் படத்தில் செங்கல் சுவரில் சாய்ந்து நிற்கிறார், கையில் சாப்பாட்டுப் பெட்டி. ஸ்டுடியோவில் ஜோடித்த படம் இல்லை. தொழிற்சாலையிலேயே மதிய இடைவேளையில் எடுத்தது, பெட்டியும் அவருடையதே. கூட வேலை செய்தவர்கள் சுற்றி நின்று கிண்டலடித்துக்கொண்டிருந்தார்களாம். 'ஹார்லெம்' என்ற பாட்டைத்தான் கம்பெனி முன்னே தள்ளியது. 'ஐன்ட் நோ சன்ஷைன்' அதன் பின்பக்கம். வானொலி நிலையங்களில் இருந்தவர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரைக்கும் போனது. அதன் பிறகும் அவர் உடனே வேலையை விட்டுவிடவில்லை. பாட்டுத் தொழிலை நம்ப முடியாது, எப்போது கவிழ்க்கும் என்று தெரியாது என்பது அவர் கணக்கு. தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தபோது அவரும் வெளியே வந்தார். ஒரே நாளில் தபாலில் இரண்டு கடிதம் வந்த கதையை ரசித்துச் சொல்வார்: ஒன்று, வேலைக்குத் திரும்பி வா என்று; இன்னொன்று ஜானி கார்சனின் டிவி நிகழ்ச்சியிலிருந்து. வயது அப்போது 33.

இனி பாட்டிக்கு வருவோம். அதே ஆல்பத்தில் 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' இருக்கிறது, அதுவும் இரண்டே நிமிஷம். காதல் பாட்டுகள் குவிந்து கிடக்கிற சோல் என்ற இசை வகையில், கிழவியின் கைகளைப் பற்றி ஒரு பாட்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தட்டும் கை, டாம்பூரின் வாசிக்கும் கை, ஓடாதே கண்ணாடிச் சில்லு குத்தும், புல்லில் பாம்பு இருக்கும் என்று எச்சரிக்கும் கை, கல்யாணமாகாமல் பிள்ளை உண்டான ஊர்ப் பெண்ணைத் தேற்றும் கை, வயதானதால் சில நாள் வலித்து வீங்கிப் போகும் கை. நடுவில் பாட்டி மகளை அதட்டுகிறாள்: "மேட்டி, பிள்ளையை எதுக்கு அடிக்கிறே?" என்ற தொனியில் ஒரு வரி. மேட்டி அவருடைய அம்மாவின் நிஜப் பெயர். பேரைக்கூட மாற்றவில்லை, வீட்டில் கேட்டதை அப்படியே வைத்துவிட்டார்.

சோல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கறுப்பின மக்களின் சர்ச் பாடல் முறையும் ரிதம் அண்ட் ப்ளூஸும் கலந்து ஐம்பதுகளின் கடைசியிலிருந்து உருவான இசை அது. ஜேம்ஸ் பிரவுன், ஓடிஸ் ரெடிங், அரீத்தா ஃபிராங்க்ளின் என்றால் தொண்டை நரம்பு புடைக்கப் பாடுவது, மண்டியிடுவது, சபையை எழுப்பி நிறுத்துவது. விதர்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, மடியில் கிட்டாரோடு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற குரலில் பாடினார். கறுப்பினப் பாடகர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கம்பெனிக்காரர்களிடம் ஒரு அச்சு இருந்ததே, அதில் இவர் அடங்கவில்லை. ட்ரம்பெட் எங்கே, பின்னால் ஆடிப் பாடும் பெண்கள் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்விதான் பின்னால் பெரிதாக வளர்ந்து அவரை வெளியே தள்ளியது.

1972இல் 'ஸ்டில் பில்'. இதில்தான் 'லீன் ஆன் மீ'. முதல் வருமானத்தில் ஒரு வுர்லிட்சர் எலெக்ட்ரிக் பியானோ வாங்கியிருந்தார். பியானோ வாசிக்கத் தெரியாது. விரல்களை ஒரே வடிவத்தில் வைத்து அப்படியே மேலே நகர்த்துவது, அப்புறம் கீழே நகர்த்துவது. அதுதான் பாட்டு! நான் மிகைப்படுத்தவில்லை. என் அக்கா மகள் கீபோர்டு வகுப்பில் சேர்ந்த புதிதில், விரல் வலிக்கிறது, பாட்டே வரவில்லை என்று அழுதாள். வெள்ளைக் கட்டைகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று விரலை வைக்கச் சொன்னேன். அப்படியே ஸ, ரி, க, ம என்று படி ஏறு. ம-வில் கொஞ்சம் நில். ம, க, ரி, ஸ என்று இறங்கு. கறுப்புக் கட்டையைத் தொடவே வேண்டாம். கால் மணி நேரத்தில் 'லீன் ஆன் மீ'யின் ஆரம்பம் அவள் கையில் வந்துவிட்டது. அமெரிக்கப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு இது என்று சொன்னேன், நம்பவில்லை.

வார்த்தைகளும் அதே மாதிரி. அகராதி பார்க்க வேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை. நமக்கெல்லாம் சில நேரம் வலி வரும். உனக்கு ஆள் வேண்டும் என்றால் என்மேல் சாய்ந்துகொள். எனக்கும் ஒருநாள் யாராவது தேவைப்படும். அந்தக் கடைசிப் பகுதிதான் பாட்டைக் காப்பாற்றுகிறது. நான் உனக்கு உதவுகிறேன் என்று மட்டும் பாடியிருந்தால் உபகாரப் பிரசங்கமாகியிருக்கும். எனக்கும் வேண்டியிருக்கும் என்றதும் அது சுரங்க ஊர்க்காரர்களின் கொடுக்கல் வாங்கலாக ஆகிவிடுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி நகரத்தில் பிறந்த ஒருவர் இதை எழுதியிருக்கமாட்டார், பெக்லியில் வளர்ந்ததால் வந்தது என்று அவரே சொல்வார். கடற்படைக் காலத்தில் அலபாமாவில் அவர் கார் டயர் வெடித்து நின்ற கதையும் உண்டு. கறுப்பின இளைஞன், தெற்கத்திப் பகுதி, அந்தக் காலம். ஒரு வெள்ளைக்காரர் மேட்டிலிருந்து இறங்கி வருகிறார். பார்த்தாலே பயம். வந்தவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய், ஒரு டயரை எடுத்துக்கொண்டு நடந்தே வந்து மாட்டியும் கொடுத்துவிட்டுப் போனாராம்.

அதே ஆல்பத்தில் இரண்டாம் இடம் வரை போன 'யூஸ் மீ' முற்றிலும் வேறு ரகம். அவள் உன்னை உபயோகப்படுத்திக்கொள்கிறாள் என்று அண்ணனும் நண்பர்களும் எச்சரிக்கிறார்கள். தெரியும், நன்றாக உபயோகப்படுத்திக்கொள்ளட்டும் என்கிறார் இவர். இந்தப் பாட்டை ஜேம்ஸ் கேட்சனின் டிரம்ஸுக்காகவே தனியாக ஒருமுறை கேட்க வேண்டும். வலது கை ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டில் விடாமல் பொடிப்பொடியாக ஓடும். அதன்மேல் ரே ஜாக்சனின் கிளாவினெட் என்ற மின் கீபோர்டு கொக்கி போட்டு இழுக்கும். கேட்சன், ஜாக்சன், பேஸ் வாசித்த மெல்வின் டன்லப், கிட்டார் வாசித்த பெனோர்ஸ் பிளாக்மன் எல்லாரும் வாட்ஸ் 103ஆவது தெரு ரிதம் பேண்டிலிருந்து வந்தவர்கள். விதர்ஸின் எளிமைக்கு அடியில் இவ்வளவு நுணுக்கமான தாளம் ஓடுவதால்தான் பாட்டுகள் சப்பென்று போகவில்லை. இவர்களுக்குக் கிடைக்க வேண்டிய பேர் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

1972 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கின் கார்னெகி ஹாலில் இதே குழுவோடு பாடினார். மறு வருஷம் ஆல்பமாக வந்தது. என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த பதிவு அதுதான். பாட்டுக்கு முன்னால் பேசுகிறார். பாட்டியோடு சர்ச்சுக்குப் போனது பற்றிச் சொல்லி அரங்கத்தைச் சிரிக்க வைக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து 'ஐ கான்ட் ரைட் லெஃப்ட் ஹேண்டட்'. வியட்நாம் போரில் வலது தோளில் குண்டு பட்ட ஒரு பையன். அம்மாவுக்குக் கடிதம் எழுத வேண்டும், இடது கையால் எழுத வராது, யாராவது எழுதித் தருவீர்களா என்று கேட்கிறான். போர் எதிர்ப்புப் பாட்டுகள் அந்தக் காலத்தில் ஏராளம். அதிபரைத் திட்டுவார்கள், சமாதானம் வேண்டும் என்பார்கள். இந்தப் பாட்டில் கோஷம் கிடையாது. கடிதம் எழுத முடியாத ஒரு கை மட்டும்தான். மறுபடி கை! பாட்டியின் கையைப் பார்த்தவருக்கு இதுவும் கண்ணில் படுகிறது. ஒன்பது வருஷம் சீருடை போட்டிருந்தவர் எழுதியது என்பதால் அதில் சிப்பாய்மேல் ஏளனம் துளியும் இருக்காது.

1974இல் முகமது அலி - ஜார்ஜ் ஃபோர்மன் குத்துச்சண்டையை ஒட்டி ஜயரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) தலைநகர் கின்ஷாசாவில் பெரிய இசை விழா நடந்தது. ஜேம்ஸ் பிரவுன், பி.பி. கிங் எல்லாரும் போனார்கள். அத்தனை ஆட்டபாட்டத்துக்கு நடுவில் விதர்ஸ் தனியாக கிட்டாரோடு 'ஹோப் ஷீல் பி ஹேப்பியர்' பாடுகிற காட்சி படமாகப் பதிவாகியிருக்கிறது. கிடைத்தால் பாருங்கள்.

அதே சமயத்தில் இங்கே வீடு எரிந்துகொண்டிருந்தது. சசெக்ஸுக்குப் பணமுடை; வர வேண்டியது வரவில்லை. சண்டையில், முடித்து வைத்திருந்த ஒரு முழு ஆல்பத்தின் டேப்பையும் விதர்ஸ் கோபத்தில் அழித்துவிட்டார். நிதானமாகச் செய்திருக்கலாம் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். நடிகை டெனிஸ் நிக்கோலஸுடன் நடந்த கல்யாணமும் ஒரு வருஷத்தைச் சுற்றியே முறிந்தது. 1974இல் வந்த 'ஜஸ்ட்மென்ட்ஸ்' ஆல்பம் முழுக்க அந்தக் கசப்பு. 1975இல் சசெக்ஸ் திவாலானது, விதர்ஸ் கொலம்பியா என்ற ரெக்கார்டு கம்பெனிக்குப் போனார்.

கொலம்பியா பெரிய கம்பெனி. 1975இலிருந்து வருஷத்துக்கு ஒன்றாக நான்கு ஆல்பம். நேர்மையாகச் சொன்னால் இவை எனக்குப் பாதிதான் பிடிக்கும், மெருகு அதிகம். ஆனால் 1977இல் வந்த 'மெனாஜரி'யில் 'லவ்லி டே' இருக்கிறது, ஸ்கிப் ஸ்கார்பரோவோடு சேர்ந்து எழுதியது. கடைசிப் பகுதியில் 'டே' என்ற ஒரு சொல்லை 18 விநாடி இழுத்துப் பிடிப்பார். கடிகாரத்தை வைத்துக்கொண்டு கூடவே முயன்று பாருங்கள்; பன்னிரண்டாவது விநாடியில் எனக்கு இருமல் வந்துவிடும். அதுவும் அவர் வித்தை காட்டுகிற மாதிரி பாடவில்லை. சோம்பல் முறிக்கிற மாதிரி இருக்கும்.

1978க்கும் 1985க்கும் நடுவில் சொந்த ஆல்பம் எதுவும் இல்லை. உங்கள் கேள்விக்கு உண்மையான விடை இந்த ஏழு வருஷத்தில் கிடக்கிறது. அவர் கொண்டுபோன பாட்டுகளைக் கம்பெனி ஏற்கவில்லை. கறுப்பின இசை எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கு வகுப்பு எடுக்க வெள்ளைக்கார அதிகாரிகள் வந்தார்கள். 'பிளாக்', 'எக்ஸ்பர்ட்' இரண்டு சொல்லையும் ஒட்டி 'பிளாக்ஸ்பர்ட்ஸ்' என்று அவர்களுக்குப் பட்டப்பேர் வைத்தார். அவர்களில் ஒருவர், எல்விஸ் பிரெஸ்லி பாடிப் பிரபலமாக்கிய 'இன் தி கெட்டோ'வை நீ பாடேன் என்று யோசனை சொன்னாராம். ஏழ்மையை நேரில் பார்த்து 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' எழுதிய ஆளிடம்! இந்த நிலையில் அதே கம்பெனி, டிவி தொடரில் அடிதடி செய்துகொண்டிருந்த மிஸ்டர் டி.யை வைத்து ஒரு ஆல்பம் போட்டது. பாட்டு எழுதத் தெரிந்த என்னை உட்கார வைத்துவிட்டு இதையா வெளியிடுகிறீர்கள் என்ற அந்த எரிச்சல் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

நடுவில் வேடிக்கை என்னவென்றால், வெளியாட்களோடு சேர்ந்து பாடியது எல்லாம் ஜெயித்தது. 1981இல் சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரோடு 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்' இரண்டாம் இடம் வரை போனது. ரால்ஃப் மெக்டொனால்டும் வில்லியம் சால்டரும் கொண்டுவந்த பாட்டில் வரிகள் கொஞ்சம் சாதாரணமாக இருக்கின்றன, நான் திருத்தி உடுத்தி விடுகிறேன் என்ற நிபந்தனையோடு பாடியிருக்கிறார். ஆரம்பத்தில் வரும் பளிங்கு மழைத்துளிகள் அந்தத் திருத்தம்தான். 1985இல் 'வாட்சிங் யூ வாட்சிங் மீ' வந்தது. அத்தோடு சரி, கொலம்பியாவுக்கு முழுக்குப் போட்டார். வேறு கம்பெனிக்கும் போகவில்லை.

எப்படி முடிந்தது என்றால், இரண்டு காரணம். முதலாவது பணம். பாடகருக்கு வரும் வருமானம் வேறு, பாட்டை எழுதியவருக்கு வரும் வருமானம் வேறு. எழுதியவர் வீட்டில் தூங்கினாலும், உலகத்தில் எவர் அந்தப் பாட்டைத் திரும்பப் பாடினாலும், அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் புதுப் பாட்டில் ஒட்டினாலும், படத்தில் போட்டாலும் அவருக்குப் பங்கு வரும். 1976இல் அவர் மணந்த மார்சியா அந்தப் பதிப்புரிமை வேலைகளைத் தானே எடுத்து நடத்தினார். விதர்ஸ் மேடையை விட்ட பிறகு நடந்ததைப் பாருங்கள்: 1987இல் கிளப் நூவோ குழு 'லீன் ஆன் மீ'யைத் துள்ளலாகப் பாடி மறுபடி முதலிடத்துக்குக் கொண்டுபோனது. 1996இல் பிளாக்ஸ்ட்ரீட்டின் 'நோ டிகிட்டி' முதலிடம் வந்தது. அதன் தொடக்கத்தில் கேட்கும் அந்த முனகல் 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்'. 1998இல் வில் ஸ்மித் 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்'ஸை எடுத்துக்கொண்டார். மைக்கேல் ஜாக்சன் சிறுவனாக இருந்தபோதே 'ஐன்ட் நோ சன்ஷைன்' பாடியாகிவிட்டது. விதர்ஸின் மூன்று கிராமிகளும் சிறந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடலுக்கானவை, அதாவது எழுதியவருக்குத் தரும் விருது. மூன்றாவது, கிளப் நூவோ பாடியதற்காக வந்தது; அவர் வாயே திறக்காமல் வாங்கியது! சம்பாத்தியத்தில் வீடுகள் வாங்கிச் செப்பனிட்டு விற்றார், இரண்டு பிள்ளைகளை வளர்த்தார்.

இரண்டாவது காரணம்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன முதல் 32 வருஷம். பதினேழு வயதில் புகழ் வந்தவருக்கு அதைத் தவிர வேறு வாழ்க்கை தெரியாது. மேடையை விட்டால் தான் யார் என்றே தெரியாமல் தவிப்பார். சோல் இசையில் அப்படிச் சிதைந்துபோனவர்கள் நிறைய. விதர்ஸுக்கு மெக்கானிக்காக வாழத் தெரியும், தொழிற்சாலையில் வருகை அட்டை அடித்து வாழத் தெரியும். அடுத்தவன் வந்து உன் வேலையை எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுத்தால் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பும் ரோஷம் எந்தப் பட்டறையிலும் உண்டு. அவர் செய்தது அதுதான்.

ஒரேயடியாக எழுதுவதை விட்டுவிட்டார் என்றும் சொல்ல முடியாது. வீட்டில் ஸ்டுடியோ இருந்தது. 2004இல் பாடகர் ஜிம்மி பஃபெட்டின் கன்ட்ரி இசை ஆல்பத்துக்கு இரண்டு பாட்டு கொடுத்தார். 2009இல் வந்த 'ஸ்டில் பில்' ஆவணப்படத்தில், திக்குவாய் உள்ள பிள்ளைகளுக்கான நாடகக் குழு ஒன்றைச் சந்திக்கிறார். எழுபது வயது மனிதர் அந்தப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக் கண் கலங்கி நிற்பார். அந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். 2015இல், இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பாடகர் ஸ்டீவி வொண்டர் அவரை அறிமுகம் செய்துவைத்தார். மேடையேறிய விதர்ஸ் கூட்டத்தைப் பார்த்து, மேற்கு அரைக்கோளத்திலேயே பெரிய குடிமறப்போர் சங்கக் கூட்டம் இதுவாகத்தான் இருக்கும் என்றார். முப்பது வருஷம் ஒதுங்கி இருந்தும் நாக்கு மழுங்கவில்லை.

2020 மார்ச் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸில் இதயக் கோளாறால் இறந்தார், வயது 81. கொரோனா முடக்கம் தொடங்கிய நாட்கள் அவை. வீட்டுக்குள் அடைபட்டவர்கள் 'லீன் ஆன் மீ'யைப் பாடிக்கொண்டிருந்த அதே வாரங்களில்தான் செய்தி வெளியே வந்தது.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் தொகுப்பு ஆல்பங்களில் தொடங்காதீர்கள். கார்னெகி ஹால் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள், பேச்சைத் தள்ளிவிடாமல் கேளுங்கள். அப்புறம் 'ஸ்டில் பில்', அப்புறம் 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்'. வீட்டில் கீபோர்டு படிக்கும் பிள்ளை யாராவது இருந்தால் ஸ, ரி, க, ம-வையும் சொல்லிக் கொடுங்கள். ம-வில் நிற்பதைத்தான் எல்லாரும் அவசரத்தில் விட்டுவிடுவார்கள்.